இராசம்மாவின் வனிலாப் போத்தல்

ஆவணி 3, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றம் எல்லாம் புழுதி. விடியப் பெருக்கினேன், மத்தியானம் பெருக்கினேன், பின்னேரம் விட்டுவிட்டேன்.

இந்தக் கொப்பி இன்றுதான் தொடக்கம். வாசிகசாலையில் பெரிய ஆட்களுக்குப் படிப்பிக்கும் ரீச்சர் தந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுத வேண்டுமாம். ஒருவருக்கும் காட்டத் தேவையில்லையாம். என் எழுத்து வெங்காயப் பாத்தியில் கோழி நடந்தது போல இருக்கிறது. இருந்தாலும் பார்க்கப் பார்க்க ஆசை. எழுதுவதும் நிறுத்திப் பார்ப்பதுமாக இவ்வளவுக்கும் ஒரு பின்னேரம் போய்விட்டது.

மாடு ஒழுங்காகப் பால் தந்தது. மிளகாய்க்குத் தண்ணீர் மாறினேன்.

பெரிய விஷயம்: இன்று பஞ்சாங்கம் வாசித்தேன். நானே. இந்த வீட்டில் வாசிக்கிற ஆள் என் மனைவி இராசம்மா. கடிதம், பத்திரிகை, சவர்க்காரம் சுற்றி வந்த தாள், எல்லாம் அவள் வாசிப்பாள், நான் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டு கேட்பேன். அவள் செத்த பிறகு பத்திரிகை வந்தால் அதில் படம் மட்டும் பார்த்தேன். பிறகுதான் வெட்கத்தை விட்டு வகுப்புக்குப் போனது. இன்று விரலை வைத்து வரி வரியாகப் போய் அவளுடைய திதியைப் பிடித்தேன். தேய்பிறைத் தசமி. வருகிற 15, ஞாயிறு. பிடித்ததும் சந்தோசத்தில் கை தட்டினேன். பிறகு என்ன நாளைப் பிடித்தேன் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

முதலாவது வருடம். ஆட்டத்திவசம். படையலுக்கு அவளுக்குப் பிடித்தது வைக்க வேண்டும்.

பிடித்தவை:
முருங்கைக்காய்க் கறி
பயற்றம் பணியாரம்
வாழைப்பூ வறை
கேக்

கேக் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தானே செய்கிற கேக். குசினி மாடத்தில் அவளுடைய வனிலாப் போத்தல் இன்னும் இருக்கிறது. மண்ணிறம், சின்னது. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மிச்சம். பின்னேரத்தில் விளக்குக் கொளுத்த முன் மூடியைத் திறந்து மூக்கில் பிடித்து ஒருக்கால் மணப்பேன். அப்போது அவள் குசினிக்குள் நிற்கிற மாதிரி. இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்றும் மணந்தேன்.

ஆவணி 4, புதன்

காற்றுக் குறையவில்லை. சங்கக்கடையில் மா வந்தது என்று ஓடினேன். வரிசை. என் பங்கு கிடைத்தது. சீனியும் கொஞ்சம்.

கேக் செய்வதாக முடிவு.

அவள் கேக் பழகியது சாவகச்சேரி ஆஸ்பத்திரியில். மகள் மலர் பிறந்தபோது பக்கத்துக் கட்டிலில் சேர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெண். அவவைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த கேக்கில் இவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தாவாம். இவள் தின்றுவிட்டுக் குழந்தையைப் பார்க்கவில்லை, எப்படிச் செய்கிறது என்று கேட்டாள். (இது நான் அவளைப் பகிடி பண்ணச் சொல்லுகிற கதை. குழந்தையையும் பார்த்தாள்.)

வனிலாவை வேறு எதற்கெல்லாம் பாவித்தாள்? பாற்ரொபிக்கு. கஸ்ரட்டுக்கு. ஒருமுறை ரவைக் களிக்கு விட்டாள், அது சரிவரவில்லை. போத்தல் முடிந்தால் எறியமாட்டாள். மூடியைக் கழற்றிச் சீனி ரின்னுக்குள் போட்டுவிடுவாள். சீனி மிச்ச மணத்தை எடுத்துக்கொள்ளும். இப்போதைய போத்தல் யாழ்ப்பாணம் பெரியகடையில் வாங்கியது, அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் வருவதை நிற்பாட்ட முன்னம். இனிக் கிடைக்காது.

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சான் சதாசிவம் நின்றார். இராசம்மாவின் தம்பி. அவளுக்கு இருந்த ஒரே சகோதரம். எங்கள் வேலியில் அவருக்கென்றே ஒரு பொட்டு இருக்கிறது, ஒரு ஆள் குனிந்து வரலாம். முப்பது வருடமாகக் காலைத் தேத்தண்ணிக்கு அந்தப் பொட்டுக்குள்ளால்தான் வருவார். அக்கா ஊற்றிக் கொடுப்பாள். அவள் போனபின் வரவில்லை. வேலியோடு நின்று கதைப்பார், பிறகு போய்விடுவார். பொட்டில் முசுட்டைக் கொடி படர்ந்துவிட்டது. நானும் வெட்டவில்லை.

கேக் விஷயத்தைச் சொன்னேன். அவர் சைவப் பழம். மூன்று வேளையும் திருநீறு. நல்லூர்க் கொடி ஏறினதிலிருந்து ஒரு நேரச் சாப்பாடு.

"படையலுக்குக் கேக்கோ அத்தான்? முட்டை அடிச்சோ?"

முட்டை இல்லாமல் செய்வேன் என்றேன். தயிர் விட்டு.

பிறகு சொன்னது இது: "படைக்கிற சாமானை வாயிலை வைக்கவும் கூடாது, மூக்கிலை பிடிக்கவும் கூடாது. உது மணக்கிறதுக்கெண்டே செய்யிற சாமான். மணக்காமல் எப்பிடிச் செய்வியள்?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

அவர் பெயர் நீளம். எழுத நேரம் போகிறது. இனிச் சதா.

ஆவணி 5, வியாழன்

இரவு முழுவதும் சதா சொன்னதே. சரியாகத்தான் சொன்னார். கோயிலுக்குக் கொண்டுபோகும் பூவைக்கூட நாங்கள் மணப்பதில்லை. சின்ன வயதில் அம்மா தலையில் குட்டியிருக்கிறா. ஒரு வருடமாக நான் போத்தலை மணந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அது போத்தல்தானே, படையல் இல்லையே.

இனி மணக்கமாட்டேன். போத்தலைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்தேன். பின்னேரம் கை தானாக மாடத்துக்குப் போனது. அங்கே போத்தல் இருந்த வட்டம் மட்டும்.

ஆவணி 7, சனி

நேற்று எழுதவில்லை. மனம் இல்லை. நல்லூருக்குப் போகும் சனம் வண்டியிலும் சைக்கிளிலும் போய்க்கொண்டே இருந்தது. செத்த வீட்டுக்காரன் வருடம் திரும்பும்வரை திருவிழாவுக்குப் போகக்கூடாது. படலையில் நின்று பார்த்தேன். தெரிந்தவர்கள் கை காட்டினார்கள்.

இன்று ஒத்திகை. வனிலா விடாமல், பாதி மாவில்.

வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்க வேண்டும். அவள் அடிப்பதை நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். வெளியே வெங்காயம் கட்டும்போது உள்ளே அகப்பைச் சத்தம். முதலில் மணலை உரசுவது போல. போகப் போகச் சத்தம் மெதுவாகி, ஈரச் சேற்றில் கால் வைப்பது போல வரும். அப்போது நிறுத்துவாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். அந்தச் சத்தம் வந்தது. நிறுத்தினேன். கையில் வாதம் பிடித்தவன் போல ஆகிவிட்டேன், ஆனால் வெண்ணெய் வெள்ளையாக வந்திருந்தது.

பிறகு மா, அப்பச்சோடா, தயிர். தாச்சியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு, மேலே தகரம், தகரத்தின் மேல் சிரட்டைத் தணல்.

மேல் கரி. அடி கரி. நடு பச்சை மா.

நாய் வந்து மணந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆவணி 8, ஞாயிறு

சந்திப் பேக்கரிக்குப் போனேன். பெயர்ப் பலகையை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எத்தனையோ வருடம் போன இடம், இன்றுதான் அதன் பெயர் தெரியும்.

இராசம்மா கேக்கை வீட்டில் குழைத்து அனுப்புவாள். நான் தட்டைச் சைக்கிள் கரியரில் கட்டி இங்கே கொண்டுவருவேன். பாண் இறக்கின பிறகு போறணையில் மிச்சச் சூடு இருக்கும். அதில் வைத்து எடுத்துத் தருவார்கள். ஊரில் எல்லாரும் இப்படித்தான். என் வேலை கொண்டுபோவதும் கொண்டுவருவதும்.

பேக்கரிக்காரர் மார்க்கண்டு. அவள் செத்ததற்கு வந்தவர். முட்டையில்லாக் கேக் என்றதும் சிரித்தார்.

"முட்டை இல்லையெண்டால் வனிலா என்னத்துக்கண்ணை? வனிலா விடுறதே முட்டை வெடுக்குப் போகத்தானே."

அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் சொன்னேன், எனக்கு முட்டை தேவையில்லை, வெடுக்கும் தேவையில்லை, வனிலாதான் தேவை என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு ஒழுங்காகச் சொல்லித் தந்தார். எழுதி வைக்கிறேன்:

வனிலாவைக் கடைசியில் ஊற்றக்கூடாது. வெண்ணெயோடு சேர்த்து அடிக்க வேண்டும். கொழுப்பு மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரோடு சேர்ந்தால் சூட்டில் பறந்துவிடும்.

கூட விட்டால் கசக்கும். ஒரு இறாத்தல் மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். பழைய வனிலா என்றால் கொஞ்சம் கூட.

தயிர் புளிக்கக்கூடாது.

செவ்வாய் காலை பாண் இறக்கினதும் வரச் சொன்னார். வெளிக்கிடும்போது ஒரு பாண் தந்தார். காசு வாங்கவில்லை.

ஆவணி 10, செவ்வாய்

காற்று அடங்கிவிட்டது. வெயில்.

இரண்டாவது ஒத்திகை. மிச்சம் இருந்த பழைய மாவில், மறுபடியும் வனிலா இல்லாமல். மார்க்கண்டு போறணைத் தரையில் ஒரு சிட்டிகை மா எறிந்து பார்த்தார். மா மெதுவாகச் சிவந்தது. இப்போது வையுங்கோ என்றார்.

எழும்பி வந்தது. நல்ல நிறம். நடுவில் ஈர்க்கு குத்தினால் ஒட்டாமல் வந்தது. சைக்கிளில் திரும்பும்போது எனக்குள் ஒரே புழுகம், மணியைச் சும்மா அடித்துக்கொண்டு வந்தேன்.

இது படையலுக்கு இல்லை, அதனால் தின்னலாம். ஒரு துண்டு நான். ஒரு துண்டை வேலிக்கு மேலால் சதாவுக்கு நீட்டினேன். விரதம், ஆனால் அது அவர் சாப்பிடும் நேரம்தான். வாங்கினார். நின்றபடி தின்றார்.

"நிறம் அக்கான்ரை மாதிரித்தான். மணமில்லை."

வனிலா விடவில்லை என்றேன்.

"மணமில்லாட்டி உது சீனி போட்ட பாண்."

மணக்கக்கூடாது என்றவரும் இவர்தான். அதைச் சொன்னேன். சதா கையைத் தட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஆவணி 11, புதன்

வகுப்பு. என் முறை வந்தது, எழும்பி ஒரு பக்கம் வாசித்தேன். தடக்கினேன், நின்றேன், மறுபடி வாசித்தேன். ரீச்சர் நல்லது ஐயா என்றா. வரும் வழியெல்லாம் மதில்களில் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு வந்தேன். சினிமா, கட்சி, மாட்டு வைத்தியர். ஒருவன் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் எழுதியிருந்தான், அதையும்.

வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. மாட்டுக்குச் சொன்னேன்.

தனியே தேத்தண்ணி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. சீனியை எல்லாம் கேக்குக்கு மிச்சம் பிடிக்கிறேன்.

ஆவணி 13, வெள்ளி

சுத்தம் செய்யும் நாள். வீடு மெழுகினேன். அவள் படத்தைத் துடைத்தேன். படம் உள்வீட்டில், அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில்.

கொடிகாமத்தில் இருந்து மகள் மலரும் மருமகனும் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறார்கள். கடிதம் நேற்று வந்தது. என் பெயருக்கு. நானே வாசித்தேன். 'அப்பா, இதை ஆர் வாசிக்கினமோ தெரியாது, அவைக்கும் என் வணக்கம்' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது. வரும்போது சொல்லாமல் பத்திரிகையை எடுத்து வாசித்துக் காட்ட வேண்டும்.

மணக்காமல் எப்படிச் செய்வது என்பதற்கு இன்று வழி தெரிந்தது. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது வந்த யோசனை. செல்வச்சந்நிதியில் பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்வார். நானும் கட்டலாம். வாயையும் மூக்கையும் சேர்த்து. புதுத் துவாய் ஒன்று இருக்கிறது.

பேக்கரியில் மார்க்கண்டு இருக்கிறாரே என்றும் யோசித்தேன். அவர் முன்னமே சொல்லியிருக்கிறார், மாத் தூசிக்குள் நின்று நின்று அவருக்கு மணம் தெரியாமல் போய்க் கனகாலம்.

எல்லாம் சரி.

ஆவணி 14, சனி

நிறைய எழுத இருக்கிறது. விரல் நோகிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

விடியக் குளித்து, துவாயை மூக்குக்கு மேலால் இறுக்கிக் கட்டினேன். வெண்ணெய் அடித்தேன். சத்தம் மாறியதும் போத்தலை எடுத்தேன். துணியைப் பிரித்தேன். ஒரு தேக்கரண்டி விட்டேன். இருந்ததில் பாதி மிச்சம்.

அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். மிச்சத்தை வைத்திருக்கலாம். பின்னேரங்களுக்கு. வைத்திருந்தால் நான் அதோடுதான் இருப்பேன், ஒவ்வொரு நாளும், அது வற்றும் வரைக்கும். பழசு, கொஞ்சம் கூட விடலாம் என்று மார்க்கண்டு சொன்னதும் ஞாபகம் வந்தது. கவிழ்த்து ஊற்றினேன். கடைசித் துளிவரை.

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. புதுத் துவாயின் கஞ்சி மணம் மட்டும்.

வெறும் போத்தலை மூடி கழற்றிச் சீனி ரின்னுக்குள் போட்டேன், அவள் செய்வது போல. ரின்னில் சீனி அடியில் கொஞ்சம்தான். மூடினேன்.

துவாயோடுதான் சைக்கிளில் போனேன். சந்தியில் ஒருவர் பல்லுக்குத்தோ என்று கேட்டார். இன்னொருவர் ஆரோடை சண்டை என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு போனேன். மார்க்கண்டு ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வாங்கி வைத்தார், எடுத்துத் தந்தார். ஒத்திகையைவிட நன்றாக எழும்பியிருந்தது. மேலே ஒரு வெடிப்பு, இராசம்மாவின் கேக்கிலும் வரும் வெடிப்பு.

திரும்பி வரும்போதுதான் கவனித்தேன். ஒழுங்கையில் சனம் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. என் துவாயை அல்ல, கரியரை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த பெண் நிமிர்ந்து நின்றாள். பள்ளிக்கூடச் சுவரில் இருந்த பெடியள் சைக்கிளுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வந்தார்கள். ஒழுங்கை முழுவதும் மணந்துகொண்டு போகிறது, எனக்கு மட்டும் இல்லை. இதை நான் யோசிக்கவில்லை. என் மூக்கைக் கட்டினேன், ஊரின் மூக்கைக் கட்ட நினைக்கவில்லை.

படலையில் சதா. சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். ஒரு பக்கம் துவாய் கட்டின நான், மறு பக்கம் சால்வை பொத்தின அவர். வேறு ஒருநாள் என்றால் சிரித்திருப்போம்.

"உதைப் படைக்கேலாது அத்தான். ஊரே மணந்திட்டுது."

ஊர் தெரியாமல் மணந்தது, காற்றில் வந்ததுக்கு என்ன செய்கிறது என்றேன். அவர் ஏற்கவில்லை. ஐயரிடம் கேட்போம் என்றேன். அவரே கேட்டுவருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் குசினியில் தட்டை வைத்து, மூடுபெட்டியால் மூடி, பக்கத்தில் இருந்தேன். துவாயை அவிழ்க்கவில்லை. ஐயர் கூடாது என்றால்? ஒரு வருடம் வைத்திருந்த போத்தல். அதை ஒருக்கால் மணக்காமலே ஊற்றிவிட்டேன்.

வெயில் சாயும்போது வேலியில் சலசலப்பு. பார்த்தால் சதா பொட்டில் முசுட்டைக் கொடியைக் கையால் பிய்த்துக்கொண்டிருக்கிறார். குனிந்து வந்தார். குசினி வாசலில் நின்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு.

ஐயர் சொன்னது: தெரியாமல் காற்றில் வந்த மணத்தால் குற்றமில்லை. ஆசைப்பட்டு மணந்தால்தான் கூடாது.

அப்போ சரிதானே என்றேன்.

சதா உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் ஆசைப்பட்டுத்தான் மணந்தனான். நீங்கள் சந்தி திரும்பேக்கையே எனக்கு வந்திட்டுது. சால்வையைப் பொத்தினது பிறகுதான். அதுக்கு முன்னம் நல்லா இழுத்து மணந்திட்டன் அத்தான்."

அவர் அதை மறைத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது.

நான் துவாயை அவிழ்க்காமல் கத்தியை எடுத்தேன். படைக்கேலாதென்றால் தின்னத்தானே வேண்டும். வேலிக்கு மேலால் முதல் துண்டு எப்பவும் இராசம்மா தம்பிக்குத்தான் கொடுப்பாள், சூடு ஆற முன்னமே. வெட்டி ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். விரதமெல்லோ என்றார். இன்றைக்கு இன்னும் சாப்பிடவில்லைத்தானே என்றேன். ஓம் என்றார்.

பலகையில் இருந்தார். அவர் எப்பவும் இருக்கிற பலகை. தின்றார். மெதுவாக. எனக்கு நாளைக்குத் திவசம் செய்ய வேண்டும், காலைச் சாப்பாட்டோடு சரி, இனி ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படி என்று கேட்டேன்.

இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். அதையும் தின்று முடித்துவிட்டு, சால்வையால் வாயைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

"கொஞ்சம் கசக்குது," என்றார். "அக்காவும் போத்தலைக் கவிட்டுத்தான் ஊத்துவா."

சதா போனபின் மிச்சக் கேக்கை எடுத்து உள்வீட்டு அலுமாரிக்குள் வைத்தேன். குசினியில் எறும்பு. அதற்காகத்தான். வேறு காரணம் இல்லை.

ஆவணி 15, ஞாயிறு

மலரும் மருமகனும் முதல் பஸ்ஸில். வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே மலர் நின்றுவிட்டாள். மேலே எங்கேயோ பார்த்து மூக்கை உறிஞ்சினாள். இரவு விறாந்தையில் படுத்து, விடிய முதல் அடுப்புப் புகைக்குள் நின்ற எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. பிறகு குசினிக்குப் போய் வாழைப்பூ அரிய இருந்தாள். பத்திரிகை வாசித்துக் காட்ட நேரம் வரவில்லை.

ஐயர் வந்தார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். எள்ளும் தண்ணியும். காகத்துக்குச் சோறு வைக்கக் கனநேரம் வராமல், வந்தபோது ஒரு கூட்டமாக வந்தது.

மத்தியானம் படையல். அவள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் கறி, வாழைப்பூ வறை, பாயசம். பயற்றம் பணியாரம் சதா வீட்டில் சுட்டுக் கொண்டுவந்தது. கேக் இல்லை. கற்பூரம் காட்டினேன். பிறகு வழக்கப்படி எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவள் தனியே இருந்து சாப்பிட.

விறாந்தையில் நின்றோம். தூரத்தில் நல்லூருக்குப் போகிற யாரோ பாடிக்கொண்டு போனார்கள்.

நான்தான் கதவைத் திறந்தேன்.

அறை முழுவதும் வனிலா. சாத்தியிருந்த அறையில், வெயில் அடித்த ஓட்டுக்குக் கீழே, அலுமாரிக் கதவு இடுக்கால் வந்து நிறைந்திருந்தது. கற்பூரத்தையும் கறியையும் தாண்டி. துவாய் இல்லை. இந்தக் கேக்கை நான் மணந்தது இப்போதுதான். அவளும் நானும் ஒரே நேரத்தில்.

மலர் என் தோளைப் பிடித்தாள். சதா என்னைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பாரோ என்று பயந்தேன். இலையில் வைத்த சாமானும் இல்லை, கையால் படைத்ததும் இல்லை. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். "இலையை எடுப்பம்," என்றார், அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்து கேக்கைப் பகிர்ந்தோம். நான்தான் எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்த சொந்தங்கள், அக்கம் பக்கம். ஐயர் வீட்டுக்குப் பழமும் காய்கறியும்தான். மலர் ஒரு துண்டைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். எனக்கு என்று திரும்பிப் பார்த்தபோது தட்டில் எண்ணெய்த் தாள் மட்டும். ஒரு துணிக்கைகூட இல்லை.

பரவாயில்லை என்று எழுதப் போனேன். பரவாய்தான். கொஞ்சம் தின்றிருக்கலாம்.

பின்னேர பஸ்ஸுக்கு அவர்கள் போய்விட்டார்கள். அவர்களின் பஸ் வரும்வரை மலருக்கு மற்ற பஸ்களின் ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துக் காட்டினேன். முதல் இரண்டு பலகைக்கு அவளுக்கு விளங்கவில்லை. மூன்றாவதுக்கு விளங்கியது. பஸ் வந்ததும்கூட ஏறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடத்துநர் சத்தம் போட்டுத்தான் ஏறினாள்.

வீடு அமைதி. மணம் போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னல்களைச் சாத்தினேன்.

ஆவணி 16, திங்கள்

காலையில் மணம் இல்லை. அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், நப்தலீன் மட்டும்.

பால் கறந்தேன். அடுப்பு மூட்டினேன். கேத்தில் கொதிக்கும் சத்தத்தில் பொட்டுப் பக்கம் செருமல் கேட்டது.

"அத்தான், தேத்தண்ணி வைச்சிட்டியளோ?"

வாரும் என்றேன். குனிந்து வந்து பலகையில் இருந்தார். பனங்கட்டி எடுக்கப் போனேன், பனங்கட்டி முடிந்திருந்தது. சீனி ரின்னைத் திறந்தேன். வெறும் போத்தல் சீனிக்குள் புதைந்து கிடந்தது, மறந்தே போனேன். மணம் ரின்னுக்குள் இருந்து எழும்பி முகத்தில் அடித்தது.

இரண்டு கோப்பையிலும் ஒவ்வொரு கரண்டி போட்டேன். கலக்கினேன். கொடுத்தேன்.

சதா வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைப் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"உது படைக்கிற சாமான் இல்லைத்தானே அத்தான்?"

இல்லை என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் கோப்பைக்குள் விட்டார்.